பாதி மெழுகிய தரை

தம்பி,

கோபம் தணிந்திருந்தால் இதை இப்போதே படி. தணியவில்லை என்றால் முதலில் சாப்பிட்டுவிட்டு வந்து படி. வெறும் வயிற்றோடு இருக்கும்போது நீ யார் சொல்வதையும் கேட்கமாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போன வாரம் நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உன் வருங்கால மச்சான் முன்னால், வெள்ளையடிக்க வந்த ஆட்கள் முன்னால், உன் கையிலிருந்த பாட்டிலை நான் பிடுங்கியதும், "வெளிய போடா இந்த வூட்ட வுட்டு" என்று கத்தியதும் உனக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை சுண்ணாம்பு வாளியைப் பார்ப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டதை நானும் பார்த்தேன். கல்யாணத்துக்கு ஜனம் வரும், கட்டிலும் பாயும் நாலு வீட்டில் இரவல் வாங்கிப் போடுவோம், கூடவே மூட்டைப்பூச்சியும் வரும், பின்கட்டுச் சுவரில் வேறு கரையான் ஏறியிருக்கிறது என்று நல்லதை நினைத்துத்தான் அரியலூர் கடைத்தெருவில் அந்தப் பூச்சி மருந்தை வாங்கி வந்தாய். வாங்கியதோடு விட்டாயா? நான் மெழுகுவதற்காகக் கரைத்து வைத்திருந்த சாணிப் பானைக்குள் அதை ஊற்றப் போனாய். "இதுலயே கலந்து மெழுகிட்டா ஒரு பூச்சி அண்டாதும்மா" என்றாய்.

உன் கை அந்தப் பானைக்கு மேலே நின்றபோது எனக்கு உன் முகம் தெரியவில்லை. வேறொருத்தியின் கை தெரிந்தது. முழங்கைவரை சாணி பூசிய கை. பிறகு நான் என்ன கத்தினேன் என்று பக்கத்து வீட்டுக்காரிதான் எனக்குச் சொன்னாள். நீ பையை எடுத்துக்கொண்டு, "தாலி கட்டுனதும் அங்கேருந்தே திருச்சிக்குப் போயிடுறோம், இந்த வூட்டுக்கு அவள கூட்டியாரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். சோறு போட்டு வைத்தேன், ஆறிப்போனது.

உன் அத்தை அஞ்சலையைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் சொன்னதுதான். இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுக்கப் பார்த்தார்கள், பிடிக்காமல் பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துச் செத்துப்போனாள். பள்ளிக்கூடத்தில் எவனோ இதைச் சொல்லி உன்னைக் கேலி செய்ய, நீ சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து, "நெசமாம்மா?" என்று கேட்டாய். நான், "போயி மொகத்த கழுவு" என்றேன். அப்போது நானும் ஊர் சொன்னதைத்தான் நம்பினேன். அவள் போன பிறகு உன் அப்பா அவள் பெயரை வாயால் சொல்லியே நான் கேட்டதில்லை. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால், அந்த வீட்டில் கன்னியாகச் செத்த பெண்ணுக்குச் சேலையும் பூவும் வைத்துப் பூவாடைக்காரி படையல் போடுவது உனக்குத் தெரியும். உன் கல்யாணப் பேச்சு எடுத்ததும் நான் தயங்கித் தயங்கி அதைக் கேட்டேன். "நம்மள வேணாம்னு போனவள எதுக்குக் கூப்புடணும்?" என்றார். அண்ணன் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வதைவிடச் சாவதே மேல் என்று தங்கை முடிவுசெய்துவிட்டாள் என்று அந்த மனிதர் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். அது பொய் தம்பி. உன்னிடம் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது இது முழுக்க மண் சுவரும் கூரையும்தான். இருந்தாலும் டவுனிலிருந்து வருகிறவர்கள்கூட வாசலில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். எல்லாம் அஞ்சலை வேலை. அவள் கண்ணில் படாமல் ஒரு ஒட்டடை இங்கே குடித்தனம் நடத்த முடியாது. மேய்ச்சலுக்குப் போய்வந்த மாட்டின் சாணியைத்தான் எடுப்பாள், அதில் வைக்கோல் திப்பி ஒன்றுகூட இல்லாமல் பொறுக்குவாள். வேப்பிலையைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில்தான் கரைப்பாள். தரை வெடித்திருந்தால் முதலில் புற்றுமண்ணைக் குழைத்து அடைத்துவிட்டு, அது காய்ந்த பிறகுதான் மெழுகுவாள். சுவரோரத்தில் தொடங்கிப் பின்பக்கமாகவே நகர்ந்து வருவாள். ஒவ்வொரு வீச்சும் விரித்த முறம் மாதிரி ஒரே அளவில் விழும். பித்தளைக் குடத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வாள். நான் எட்டாவது படித்தவள் என்ற கர்வத்தில், "இந்தத் தரையில என்ன நெல்லா காயப்போடப் போற?" என்று கிண்டல் செய்தால், "அண்ணி, நீங்க படிச்ச பொஸ்தகத்துல தூசி இருக்கு, தொடச்சுட்டுப் பேசுங்க" என்பாள். வாய் அவளுக்கு.

திருமானூர் பக்கத்திலிருந்து அந்த வரன் வந்தது. குத்தகைக்கு நெல் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர். முதல் மனைவி காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள், பிள்ளை இல்லை. வயது கொஞ்சம் கூட. பேச்சு திக்கும். அஞ்சலை வேண்டாம் என்றாள், அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். உன் அப்பா, "வந்தத வேணாம்னு தள்ளுனா நமக்கு யாருடி வந்து கட்டுவா? கூலிக்காரன் வூட்டுப் பொண்ணுக்கு ராசாவா வருவான்?" என்று தெருவே கேட்கக் கத்திக் கையை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கியதை ஊர் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை ஊர் பார்க்கவில்லை.

பங்குனியில் நாங்கள் பெண்களெல்லாம் சேர்ந்து திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பார்க்கப் போனோம். கூட்டத்தில் அந்த மனிதர் எங்களைத் தேடி வந்தார். வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு, என்னை வைத்துக்கொண்டேதான் அவளிடம் பேசினார். "ஒ... ஒனக்கு இஷ்டமில்லன்னா எங்கிட்ட சொல்லிடு. நான்தான் வே... வேணாம்னுட்டேன்னு ஊருல சொல்லிக்கிறேன். ஒம்மேல ஒரு சொல்லு வராது" என்றார். அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார். பதிலுக்குக்கூட நிற்கவில்லை. அஞ்சலை கொள்ளிடம் மணலில் வெகுதூரம் நடந்தாள். பிறகு திடீரென்று சிரித்தாள். "அண்ணி, அவுரு நல்லவரு. நான் கட்டிக்கிறேன். ஆனா அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. கை ஓங்குச்சுல்ல, கல்யாணம் வரைக்கும் கொஞ்சம் தவிக்கட்டும்" என்றாள். நானும் அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் தங்கை சண்டையில் நாம் எதற்கு என்று நினைத்தேன். அந்த விளையாட்டு எங்கே போய் முடியும் என்று யார் கண்டது?

பூ வைக்க அவர்கள் வந்த அன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. இரவல் வாங்கிப் போட்டிருந்த பாயில் மாப்பிள்ளையின் அக்கா உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் ஊர்ந்த மூட்டைப்பூச்சி ஒன்றைச் சுண்டிவிட்டு, "பொண்ணு வூட்டு சீரு இப்பவே வர ஆரம்பிச்சிருச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் நின்ற அஞ்சலைக்கு முகம் செத்துவிட்டது. இந்த வீட்டுச் சுத்தம் அவளுடைய சுத்தம் அல்லவா? அன்று முதல் அவள் மூட்டைப்பூச்சியோடு போர் தொடங்கினாள். கட்டில் கயிற்றை அவிழ்த்து உப்புப் போட்ட கொதிநீரில் அமிழ்த்தினாள். சட்டத்தை வெயிலில் சாய்த்து இடுக்குகளில் வசம்புப் பொடியை அடைத்தாள். பாய்க்கடியில் நொச்சித் தழை பரப்பினாள். அதெல்லாமே போதும் தம்பி, அவள் கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும். வெயில் காலம், ஒரு பூச்சி மிஞ்சியிருக்காது. ஆனால் கல்யாணம் நெருங்கிவிட்டது. அவளுக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது, முட்டைகூட இருக்கக்கூடாது.

அந்த வருஷம் உன் அப்பா ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்களின் பருத்திக் கொல்லையில் மருந்தடிக்கப் போயிருந்தார். மிஞ்சியதை ஒரு பழைய டானிக் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்து கூரை இறவாணத்தில் செருகி வைத்திருந்தார். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பாட்டில் இருக்கும், எலிக்கு, ஆட்டுப்பட்டியில் உண்ணிக்கு, எதற்காவது ஆகும் என்று. அன்று காலை அஞ்சலை என்னிடம், "அண்ணி, தம்பிய கூட்டிக்கிட்டு ஒங்க ஆத்தா வூட்டுக்குப் போயி பத்திரிகை வச்சுட்டு சாயங்காலமா வாங்க. ஈரம் காயாம புள்ள உள்ள ஓடுனா தடம் வுழுந்துரும்" என்றாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். உனக்கு அப்போது நடக்கிற வயதுதான், ஓட்டம் அதிகம்.

திரும்பி வரும்போது அவள் பின்வாசலில் தண்ணீர்ப் பானை பக்கத்தில் விழுந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியிருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. சதையெல்லாம் துடித்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் கருமணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. கை இரண்டிலும் முழங்கைவரை சாணி. காலியான பாட்டில் பக்கத்தில் உருண்டு கிடந்தது. நான் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. யாரோ உன் அப்பாவைக் கூட்டிவர ஓடினார்கள். வண்டி கட்டி பஸ் ரோட்டுக்குக் கொண்டுபோகிறதற்குள் மூச்சு நின்றுவிட்டது. "மருந்து குடிச்சிருச்சு" என்று முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பாட்டில் காலி, அவள் மேலெல்லாம் அந்த வாடை, போதாதா? வாயை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி என்று போனால் வயசுப் பெண்ணின் உடம்பை அறுப்பார்களே என்று பயந்து அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்தத் திருமானூர்க்காரர் வந்து தள்ளி நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடியே போனார்.

வீட்டுக்குள் தரை பாதி மெழுகியிருந்தது. உள்சுவரிலிருந்து நடுத்தூண்வரைக்கும் அவள் கைவீச்சு வரிவரியாக வந்து, அங்கே நின்றுபோயிருந்தது. கடைசி வீச்சு மட்டும் கோணலாக இழுத்திருந்தது. மூலையில் கரப்பான்களும் ஒரு பூரானும் மல்லாந்து கிடந்தன. அந்தப் பக்கம் கொத்தித் தின்ற கோழி இரண்டும் செத்துக் கிடந்தன. எல்லாம் கண்ணால் பார்த்தோம். பார்த்தும் ஒருவருக்கும் புத்தியில் உறைக்கவில்லை. சாவு வீட்டில் செத்த கோழியைப் பற்றி யார் யோசிப்பார்கள்? மீதிப் பாதியை நான்தான் புதுச் சாணி கரைத்து மெழுகினேன். ரொம்ப நாளைக்குத் தலை சுற்றியது, கை நடுங்கியது, துக்கம் என்று நினைத்தேன். உன்னை அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டில் படுக்க வைத்திருந்தோம். நல்லவேளை.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதே. தண்ணீர் தெளித்தால் அந்த வாடை எழும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் வாடையும் ஏறும். உச்சிவேளையில் பின்வாசலில் அவள் நிற்கிறாள் என்று ஊரில் சொன்னார்கள், பிள்ளைகளை நம் வீட்டுப் பக்கம் விடமாட்டார்கள். நான் நம்பவில்லை. ஆனால் நீ ஒருநாள் விளையாடிக்கொண்டிருந்தவன் உள்ளே வந்து, "அம்மா, அத்த பானைகிட்ட ஒக்காந்து கைய கழுவிக்கிட்டே இருக்கு" என்றாய். உனக்கு நினைவிருக்காது. சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடி விளையாடப் போய்விட்டாய். நான் பின்வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பேய்க்குப் பயந்தேன் என்று நினைக்காதே, அவள் மேல் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். மணலில் நின்று என்னிடம் அப்படிச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பும் நடிப்பா? சாகப்போகிறவள் என்னை ஏன் ஏமாற்ற வேண்டும்? வீடு கூட்டும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் மனத்துக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னதை உன் அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? குடித்துச் செத்தவள் சரி என்று சொன்னாள் என்றால் யார் நம்புவார்கள், எனக்கே நம்பிக்கை இல்லையே.

என் தம்பி, உன் மாமா, பருத்திக் கொல்லையில் விழுந்தது உனக்குத் தெரியும். சட்டை போடாமல் மருந்தடித்தார், தெளிப்பான் ஒழுகி முதுகெல்லாம் நனைந்திருந்தது. நீதான் லாரியை நிறுத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். நீ மாத்திரை வாங்க வெளியே போனபோது அந்த லேடி டாக்டர், "குடிச்சாரா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க, அடிச்சுக்கிட்டுதான் இருந்தாரு, பாத்தவங்க இருக்காங்க" என்றேன். "குடிக்கவே வேணாம்மா. தோல்ல பட்டாலே உள்ள ஏறிடும். புண்ணு கிண்ணு இருந்தா இன்னும் சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு, டார்ச் அடித்து என் தம்பியின் கண்ணைத் திறந்து காட்டினார்கள். கருமணி கடுகு அளவு. எச்சில், வியர்வை, சதைத் துடிப்பு, எல்லாம் அதே. அவனைக் காப்பாற்றிவிட்டார்கள். நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பிக்காக அழுகிறேன் என்று நர்ஸ் சமாதானம் சொன்னாள். நான் அழுதது அவனுக்காக இல்லை. புற்றுமண்ணும் சாணியும் வேப்பிலைத் தண்ணீரும் குழைத்துக் குழைத்து எப்போதும் வெடித்திருக்கும் அஞ்சலையின் கைகள்தான் என் கண்முன் வந்தன. ஊற்றிக் கலந்து, வெறுங்கையால் பாதி வீடு மெழுகியிருக்கிறாள். தலை சுற்றியதும் எழுந்து பானைக்குப் போயிருக்கிறாள், கை கழுவ.

ஏம்மா திடீரென்று நடுத்தூண்வரைக்கும் தரையைக் கடப்பாரையால் பேர்த்துப்போட்டாய் என்று அந்த வாரம் நீ கேட்டாய். கரையான் என்றேன். அந்த மண்ணை முழுக்க அள்ளி, ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, புது மண் போட்டு அறைந்தேன். உன் அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இதுவரை அவர், தான் பார்த்த மாப்பிள்ளையால் தங்கை செத்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால், தான் கொண்டுவந்த பாட்டிலால் செத்தாள் என்று ஆகும். ஒரு முள்ளை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றைக் குத்தவா? இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு நாட்கள் ஓடிவிட்டன. நீ அன்று பானைமேல் பாட்டிலைச் சாய்த்திராவிட்டால் சாகும்வரை வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

நேற்றுக் காலை அவர் சுண்ணாம்புக்கல் குவாரி வேலைக்குக் கிளம்பவில்லை. பின்வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதித் தரை, கோழி, என் தம்பியின் கண், டாக்டரம்மா சொன்னது, எதையும் விடவில்லை. பாட்டிலைப் பற்றித்தான் கேட்பார் என்று காத்திருந்தேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"அப்ப அஞ்சலைக்கு அந்த மாப்பிள்ளைய புடிச்சிருந்துச்சா?"

அவள் போன பிறகு தங்கை பெயரை அவர் சொல்லி நேற்றுதான் கேட்டேன். திருமழபாடியில் நடந்ததைச் சொன்னேன். கை ஓங்கியதற்காக உங்களைக் கொஞ்சம் தவிக்கவிடச் சொன்னாள் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பி. "கொழுப்புதான் கழுதைக்கு" என்றார். அப்படியே முகம் கோணி அழுதார். கஞ்சிக் கிண்ணத்தை நான் வாங்கி வைத்தேன். பிறகு நான் கேட்காமலே அவரே சொன்னார்: "பாட்டிலு நெனச்சுத்தான் நீ சொல்லாம இருந்தியா புள்ள? குடிச்சாலும் மெழுகுனாலும் கொண்டாந்தவன் நான்தானே. அத நான் எப்பவும் மறக்கல." நான் போட்ட கணக்கெல்லாம் எவ்வளவு பைத்தியக்காரத்தனம் பார்த்தாயா. அவர் இரண்டையும் சேர்த்தேதான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். ஒன்றையாவது நான் முன்னாலேயே இறக்கி வைத்திருக்கலாம்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. திருச்சியில் நீ பார்த்திருக்கிற வீட்டுக்குச் சிமெண்ட் தரை, சாணி தேவைப்படாது, உன் பெண்டாட்டியும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம். வேப்பிலை கொதித்த தண்ணீரில் ஒரு கை கல்லுப்பைப் போட்டுத் துடைத்தால் ஈ எறும்பு அண்டாது. பிசுக்குப் பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீர், பித்தளைக்குப் புளி. எலுமிச்சைத் தோலை எறியாதே, உப்பைத் தொட்டுத் தேய்த்தால் குளியலறைக் கறை போகும். சாக்கடை அடைத்தால் கொதிநீரும் சோடா உப்பும். கரப்பான் வருகிறது என்றால் சோற்றைத் திறந்து போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், கடைக்கு ஓடாதே, மூடி வை. இதெல்லாம் மண்ணிலும் மரத்திலும் கிடைப்பது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு அள்ளலாம் என்றும் நினைக்காதே. நம் ஊர்ச் சுண்ணாம்பும் மண்ணிலிருந்து வருவதுதான், கண்ணில் தெறித்தால் கண் போய்விடும். எதைத் தொடுகிறாய், அது உன்னை எப்படித் தொடும் என்று கேட்டுவிட்டுத் தொடு. ஒரு பூச்சி, ஒரு கறை மிஞ்சினால் மிஞ்சட்டும். உன் மாமியார் வந்து குறை சொன்னால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். உன் பெண்டாட்டி நாலு பேர் சொல்லுக்குப் பயந்து வீட்டைத் தேய்க்கிறாள் என்று தெரிந்தால், அவள் கையிலிருந்து துணியை வாங்கி வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்து பேசு.

இங்கே வரை எழுதியபோது உன் அப்பா வந்துவிட்டார். இன்று முதல் பஸ்ஸுக்கே திருமானூர் போயிருந்தார், எதற்கு என்று என்னிடம் சொல்லாமல்தான் போனார். அந்த மனிதரைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். அதற்கப்புறம் அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லையாம், அக்கா வீட்டோடு இருக்கிறாராம். அப்பா களத்தில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அஞ்சலைக்குப் படையல் போடுகிறோம், சேலை நானே எடுக்கிறேன், நீங்கள் வரவேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். வருகிறேன் என்றாராம். நீயும் அன்றைக்கு வா. கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வீட்டுக்கு உன் பெண்டாட்டியைக் கூட்டி வருவதும் வராததும் உன் இஷ்டம், படையலுக்கு மட்டும் வந்துவிடு.

"வேற என்னங்க சொன்னாரு?" என்று கேட்டேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பெருசா ஒண்ணும் சொல்லல. 'எனக்குத் திக்கும், அதான் வேணாம்னுட்டா போலன்னு நெனச்சுக்கிட்டேன், அதுலேருந்து நான் யாருகிட்டயும் அதிகம் பேசுறதில்ல'ன்னாரு."

அம்மா